ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டு மிளகாய்: விதை முதல் வற்றல் வரை

மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி எனக் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் வீட்டில் மிளகாய் விதை போட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான். விதை முளைக்கும், நாலைந்து இலை விடும். பிறகு இலை ஓரம் பழுப்பாகக் கருகும், குருத்து வளராமல் நின்றுபோகும், மாதம் முடிவதற்குள் செடி பட்டுவிடும். விதை சரியில்லை என்று வேறு பாக்கெட் வாங்குவார்கள். அதுவும் அப்படியே போகும்.

விதை காரணமாக இருப்பது அபூர்வம். ஊற்றுகிற தண்ணீரில் உப்பு, பையில் நிரப்பிய மணலில் உப்பு, இலையில் படிகிற காற்றில் உப்பு. தென்னையும் பனையும் தாங்குகிற உப்பை மிளகாய் தாங்காது. முதுகுளத்தூர், கமுதி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் முண்டு மிளகாய் ஏக்கர் ஏக்கராக விளைகிறதே என்று கேட்கலாம். அங்கே அது மழையை நம்பிக் கரிசலில் விளைகிறது, மழைத்தண்ணீரில் உப்பில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே முண்டு உங்கள் மொட்டைமாடியிலும் விளையும். அதற்கு நல்ல தண்ணீரும் சரியான மாதமும் வேண்டும். கீழே உள்ள அளவெல்லாம் 10 செடிக்குப் போட்ட கணக்கு. ஒரு சிறு குடும்பத்தின் அன்றாடப் பச்சை மிளகாய்க்கு அது போதும்.

1. முதலில் நாள் குறியுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் செடி பைக்கு மாறி, வேர் பிடித்து, கிளை விடத் தொடங்கியிருக்க வேண்டும். நாற்று வளர 35 முதல் 40 நாள் ஆகும். நட்ட செடி நிலைக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். பின்னோக்கி எண்ணினால் ஆடிக் கடைசி வாரம் முதல் ஆவணி 10 தேதிக்குள் விதை போட வேண்டும் என்று வரும். புரட்டாசியில் நடவு, கார்த்திகையில் பூ, மார்கழியில் பச்சைக்காய், தையிலிருந்து பழம். இரவு குளிர்ச்சியாக இருக்கிற மாதங்களில் பூ வருவதால் காய் நன்றாகப் பிடிக்கும்.

இதைத் தவறவிட்டு ஐப்பசி அடைமழையில் விதை போட்டால் நாற்று அழுகும். தையில் போட்டால் முளைப்பு அருமையாக இருக்கும். ஆனால் செடி பூக்கும் நேரம் பங்குனி, சித்திரை வெயில் வந்துவிடும். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் பூ காம்போடு உதிரும். செடி பச்சைப்பசேலென்று நிற்கும், காய் மட்டும் இருக்காது. தையில் போடத்தான் வேண்டும் என்றால் மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டாயம் என்று தெரிந்து போடுங்கள்.

2. தண்ணீரைச் சோதிக்காமல் விதை வாங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை எண்ணாகக் காட்டுகிற, பேனா அளவிலான டி.டி.எஸ். மீட்டர் என்று ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுதுபார்ப்பவர்களிடமும் இருக்கும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனி டம்ளரில் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். கிணறு, போர், குழாயில் வருகிற காவிரிக் கூட்டுக் குடிநீர், வண்டியில் குடம் கணக்கில் வாங்குகிற தண்ணீர், மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் அளக்க வேண்டும்.

மீட்டர் காட்டும் எண் 500க்குக் கீழே இருந்தால் கவலையில்லாமல் ஊற்றலாம். 500 முதல் 800 வரை என்றால் செடி பிழைக்கும், காய்ப்பு சற்றுக் குறையும். பையை அடிக்கடி அலச வேண்டியிருக்கும். 1000ஐத் தாண்டிய தண்ணீரை மிளகாய்க்கு ஊற்றவே வேண்டாம். நாக்கில் வைத்துப் பார்த்து "நல்ல தண்ணிதான்" என்று முடிவு செய்வது இங்கே பலரைக் கவிழ்த்திருக்கிறது. பழகிப்போன நாக்குக்கு 1200 கூட நல்ல தண்ணீராகத் தெரியும்.

போர் தண்ணீர் 1000 காட்டுகிறது, மழைத்தண்ணீர் 50க்குள் இருக்கிறது என்றால் இரண்டையும் சரிபாதி கலந்தால் 500 அருகில் வந்துவிடும். மழைத்தண்ணீர் பிடிப்பது கஷ்டமில்லை. 10 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர் டிரம் ஒன்று நிறையும். முதல் மழையை மட்டும் பிடிக்காதீர்கள். மாதக்கணக்கில் கூரையில் படிந்த உப்புத்தூசி அத்தனையும் அதில்தான் கழுவிக்கொண்டு வரும். டிரம்மின் வாயை வேட்டித்துணியால் இறுகக் கட்டுங்கள், கொசு முட்டையிடாது. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீரிலும் உப்பில்லை, அதையும் வாளி வைத்துப் பிடிக்கலாம்.

ஊற்றக்கூடாத மூன்று உண்டு. ஒன்று, ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீர். சும்மா போகிறதே என்று செடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். குடிதண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. இரண்டு, மீன் கழுவிய தண்ணீர். வெறும் தண்ணீரில் முதல் அலசு அலசியதை வளர்ந்த செடியின் தூரில் ஊற்றலாம். கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவியதை எந்தச் செடிக்கும் ஊற்றக்கூடாது. மூன்று, சோப்புத் தண்ணீர். அரிசி களைந்த தண்ணீருக்குத் தடையில்லை.

10 செடி முழு வளர்ச்சியில் இருக்கும்போது வெயில் நாளில் 15 முதல் 20 லிட்டர் குடிக்கும், அதாவது ஒரு குடத்துக்குச் சற்று மேலே. தினமும் அந்த அளவு நல்ல தண்ணீர் ஒதுக்க முடியாத வீட்டில் 10 செடி வைக்காதீர்கள். 4 செடி வையுங்கள், அவை காய்க்கும்.

3. விதை

மூன்று வழியில் விதை கிடைக்கும்.

வற்றலிலிருந்து எடுப்பது மலிவு. அந்த ஆண்டு மாசி, பங்குனியில் பறித்து வெயிலில் காய்ந்த முண்டு வற்றலாக இருக்க வேண்டும். பரமக்குடி, எட்டிவயல் மிளகாய்ச் சந்தைப் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் மிளகாய் விளைவித்த சம்சாரியிடமிருந்தே கால் கிலோ வாங்கித் தரச் சொல்லுங்கள். மளிகைக்கடை வற்றல் எத்தனை வருஷத்துச் சரக்கு என்று யாருக்கும் தெரியாது. காம்பு உறுதியாக, தோல் பளபளப்பான கருஞ்சிவப்பாக, குலுக்கினால் விதை சலசலக்கிற வற்றலாகப் பொறுக்குங்கள். உடைத்தால் விதை வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். பழுப்பும் கறுப்பும் கழிவு. கையுறை போட்டுக்கொண்டு உடையுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் அன்றைய வேலை அதோடு சரி.

பாக்கெட் விதை என்றால் பணம் கொடுக்கும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள். ரகம், குவியல் எண், சோதனை செய்த நாள், முளைப்புத்திறன், காலாவதி நாள் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். சோதனை நாளிலிருந்து 9 மாதம்தான் செல்லுபடி. மிளகாய்க்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 சதவீதம். சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும். ரசீது கேட்டு வாங்கி, காலிப் பாக்கெட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். முளைக்கவில்லை என்று கடையில் கேட்க அந்த இரண்டும்தான் ஆதாரம். எஃப்1 என்று போட்டிருந்தால் அது வீரிய ஒட்டு. நன்றாகக் காய்க்கும், ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி போல வராது.

மூன்றாவது, வேளாண் பல்கலைக்கழக ரகங்கள். பரமக்குடியின் பி.எம்.கே.1, கோவில்பட்டியின் கே.1, கே.2 ஆகியவை நம் பக்கத்து வறட்சிக்குப் பழகியவை. ராமநாதபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆடிக்கு முன்பே கேட்டு வையுங்கள், ஆவணியில் போனால் இருப்பு தீர்ந்திருக்கும்.

எந்த விதையானாலும் 10 விதையை ஈரத்துணியில் மடித்து, மூடிபோட்ட டப்பாவில் வைத்து, பத்தாம் நாள் எண்ணிப் பாருங்கள். 6க்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம். ஒரு கிராமில் 150 விதைக்கு மேல் இருக்கும். உங்களுக்கு 30 போதும்.

4. மண்

கடற்கரை மணலை, வீட்டு முற்றத்து மணலே ஆனாலும், பையில் போடாதீர்கள். கழுவிவிட்டேன் என்று போட்டாலும் தண்ணீரும் சத்தும் அதில் நிற்காது. கண்மாய் வண்டல் அல்லது கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்ப் பக்கத்துச் செம்மண் வேண்டும். நர்சரியில் செம்மண் வாங்கினால் எந்த ஊரில் அள்ளியது என்று கேளுங்கள். உப்பளத்தை ஒட்டிய நிலத்து மண்ணும் பார்க்கச் சிவப்பாகத்தான் இருக்கும். கண்மாயில் நீங்களாகப் போய் அள்ள முடியாது, அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி வாங்கி அடித்த சம்சாரியிடம் இரண்டு சாக்குக் கேட்டால் தருவார்.

தரையிலேயே நட நினைப்பவர்கள் மண் பரிசோதனை செய்துவிட்டு நடுங்கள். தோட்டத்தில் நாலைந்து இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். பெயர், முகவரி, சர்வே எண், முன்பு என்ன இருந்தது, என்ன வைக்கப் போகிறீர்கள் என்று சீட்டு எழுதிச் சேர்த்து, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கொடுக்கலாம். கட்டணம் சொற்பம். அறிக்கையில் மண்ணின் உப்பைக் காட்டுகிற இ.சி. என்ற எண் 1க்குக் கீழே இருந்தால் நடலாம். மேலே இருந்தால் பைதான் வழி.

பைக்கான கலவை, 20 லிட்டர் பெயிண்ட் வாளிக் கணக்கில்: மண் 3 வாளி, தேங்காய் நார்க்கழிவு 2 வாளி, நன்றாக மக்கிய தொழு உரம் 2 வாளி, வேப்பம்பிண்ணாக்கு 1 கிலோ. 12 அங்குல உயரப் பை ஆறேழுக்கு இது வரும், பத்துக்கு எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக்குங்கள். கலந்து, லேசாக ஈரப்படுத்தி, சாக்குப் போட்டு மூடி, 10 நாள் நிழலில் வையுங்கள். அந்த ஈரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் 50 கிராம் சேர்த்தால் வேரழுகலுக்குக் காப்பு.

நார்க்கழிவில் ஒரு பெரிய வலை இருக்கிறது. தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்புண்டு, அது நாரோடு வரும். கட்டியாக விற்பதை உடைத்து, நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, துணியில் போட்டுப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரை மீட்டரில் பாருங்கள். முதல் பிழிவு தேநீர் நிறத்தில் வரும், எண்ணும் எகிறும். மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீருக்கும் பிழிந்து வந்ததற்கும் வித்தியாசம் 200க்குள் வந்த பிறகுதான் கலவையில் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்று அலசு பிடிக்கும்.

செலவு கடைக்குக் கடை மாறும். விதை, குழித்தட்டு, 5 கிலோ நார்க்கட்டி, 10 பை, தொழு உரம், பிண்ணாக்கு, வேப்பெண்ணெய், மீட்டர் எல்லாம் புதிதாக வாங்கினால் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 ரூபாய் எடுத்து வையுங்கள். பைக்குப் பதில் பழைய பெயிண்ட் வாளியில் அடியில் விரல் பருமனில் 6 ஓட்டை போட்டு வைத்தால் பாதியில் முடியும். தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளை (பொருள் தொகுப்புகளை) மானிய விலையில் தருகிற ஆண்டுகள் உண்டு; வட்டார அலுவலகத்துக்கு ஆதார் நகலோடு போய் ஆனியிலேயே விசாரியுங்கள்.

5. விதை போடுதல்

98 குழி கொண்ட தட்டில் 15 குழி போதும். தட்டு இல்லையென்றால் தேங்காய்ச் சிரட்டையில் கண்ணைக் குத்தித் திறந்து பயன்படுத்தலாம். அலசிய நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். கையில் அள்ளி இறுக்கினால் உருண்டையாக வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது.

விதையை முந்தின இரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மாவில் புரட்டுங்கள். குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். விரலின் முதல் ரேகைவரை அழுத்திவிடுவது அதிகம், முளை மேலே வராமல் உள்ளேயே மடங்கும். மேலே கலவையைத் தூவி, தெளிப்பானால் நனைத்து, நனைந்த சாக்கு போட்டு மூடி நிழலில் வையுங்கள்.

எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும். தட்டை இரண்டு செங்கல் மேல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர் நிரம்பிய தாம்பாளத்தில் நிறுத்தினால் வராது.

ஆறாம் நாளிலிருந்து தினமும் இருவேளை சாக்கைத் தூக்கிப் பாருங்கள். கொக்கிபோல வளைந்த வெள்ளைத் தண்டு ஒன்றிரண்டு தெரிந்த உடனே சாக்கை எடுத்துவிட வேண்டும். மறுநாள் எடுக்கலாம் என்று விட்டால் தண்டு நூலாக நீண்டு சாயும், அந்த நாற்று தேறாது. எல்லாம் முளைக்க 12 நாள்வரை ஆகலாம்.

6. நாற்றின் 40 நாள்

சாக்கை எடுத்ததும் காலை வெயில் படுகிற இடம். தொடக்கத்தில் இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் நாலு மணி நேரம். மேல்மண் வெளுத்த பிறகுதான் தண்ணீர், அதுவும் காலையில். மாலையில் நனைத்தால் இரவெல்லாம் ஈரம் நின்று நாற்றழுகல் வரும்: தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, செடி அப்படியே விழும். விழுந்ததைப் பிடுங்கிப் போட்டுத் தண்ணீரை நிறுத்துங்கள், மற்றவை தப்பும். இரண்டு உண்மை இலை வந்ததும் குழிக்கு ஒரு செடி விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

20ஆம் நாள் மண்புழு உரத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஒருமுறை ஊற்றினால் போதும். கடைசி 7 நாள் தண்ணீரைக் குறைத்து, வெயிலையும் காற்றையும் கூட்டுங்கள். பென்சிலில் பாதிப் பருமன் தண்டும், 5 அல்லது 6 இலையும், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரமும் வந்தால் நடவுக்குத் தயார்.

7. நடவு

மாலை 4 மணிக்குமேல், அல்லது மேகமூட்டமான நாளில். பையின் நடுவில் குழி பறித்து, வேர்க்கட்டி உடையாமல் வைத்து, முதல் இலைக்காம்புக்குக் கீழேவரை மண் அணையுங்கள். பைக்கு ஒரே செடி. இரண்டு வைத்தால் இரண்டும் பாதிதான் காய்க்கும். மேலே காய்ந்த சருகு இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் நிற்கும், உப்பும் மேலே பூக்காது.

8. காற்று

மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை, ஆவணிவரை கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும். உங்கள் நாற்று அதில் மாட்டும். பாக் விரிகுடாப் பக்கம் தேவிபட்டினம், தொண்டியில் கார்த்திகை முதல் வாடை; அங்கே பூத்த செடி மாட்டும். பாம்பன், ராமேசுவரத்தில் இரண்டும் உண்டு.

உங்கள் ஊருக்கு எது பொருந்துமோ அந்தத் திசையில் பனையோலைத் தட்டியோ, கிடுகோ, இரண்டு மடிப்புப் பச்சை வலையோ செடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு உயரத்துக்குக் கட்டுங்கள். முழுச் சுவர் வேண்டாம். சுவரைத் தாண்டுகிற காற்று மறுபக்கம் சுழன்று செடியை முறிக்கும். தட்டியின் இடுக்கில் புகுந்து வருகிற காற்று வேகம் தணிந்து வரும். இரவெல்லாம் காற்று அடித்திருந்தால் விடிந்ததும், வெயில் ஏறும் முன், நல்ல தண்ணீரை இலைமேல் தெளித்து உப்பைக் கழுவுங்கள். இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கழுவ வேண்டுமா என்று தெரிந்துவிடும். பனைமட்டைக் குச்சி ஒன்றைத் தூரில் ஊன்றி, துணிக்கிழிசலால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

9. தண்ணீரும் உரமும்

விரலை இரண்டு கணு மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது அடி ஓட்டையில் கொஞ்சம் வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள். தினமும் அரை டம்ளர் வீதம் மேலாக ஊற்றுவதுதான் இங்கே செடியைக் கொல்கிறது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு பையிலேயே தங்கும். நாளுக்கு நாள் சேரும். மண்மேல் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அதுதான். பொருக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, பை கொள்ளும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசிவிடுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையை மழையே செய்துவிடும். ஆனால் பையின் அடியில் தண்ணீர் தேங்காமல் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும், ஒரு நாள் முழுதும் நீரில் நின்ற மிளகாய் வாடி விழும்.

உரம் 15 நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம். மொட்டு தெரிந்ததும் கடலைப்பிண்ணாக்கு 100 கிராமை 2 லிட்டரில் 3 நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, செடிக்கு அரை லிட்டர். பஞ்சகவ்யா தெளிப்பதானால் லிட்டருக்கு 30 மில்லி. கரையில் ஒதுங்குகிற கடல்பாசியைப் போட ஆசைப்படுபவர்கள் நல்ல தண்ணீரில் மூன்று, நாலு முறை அலசி, மக்கவைத்துத்தான் போட வேண்டும். அடுப்புச் சாம்பலைக் கடற்கரையில் தவிர்த்துவிடுங்கள். நம் தண்ணீரும் மண்ணும் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டவை. சாம்பல் அதை ஏற்றும். குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, பாதி எலுமிச்சை பிழிந்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள், வாரத்தில் பச்சை திரும்பும்.

10. இலை சுருண்டால் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

இலை மேல்நோக்கிப் படகுபோலச் சுருண்டால் இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் குருத்தைத் தட்டினால் மஞ்சளாக நுண்ணிய பூச்சி ஓடும். கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, இலை தடித்தால் முரணைச் சிலந்தி. இலை சிறுத்து, கொத்தாகச் சுருங்கி, தட்டினால் வெள்ளை ஈ பறந்தால் அது நச்சுயிரி நோய். மூன்றுக்கும் ஒரே மருந்தை அடிப்பதால்தான் பலருக்கும் தீர்வதில்லை.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி சேர்த்துக் கலக்கி, சூரியன் சாய்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கருகும், கடும் வெயில் நாளிலும் கூடாது. நச்சுயிரி வந்த செடிக்கு மருந்தில்லை. மனசு வராது, ஆனாலும் அன்றே பிடுங்கி எரித்துவிட வேண்டும். வைத்திருந்தால் வெள்ளை ஈ அதிலிருந்து மற்ற ஒன்பதுக்கும் கொண்டுபோகும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ ஒட்டும். இலைப்பேனுக்கு நீல அட்டை.

ஆடும் கோழியும் வருகிற வீட்டில் இதையெல்லாம்விட முதலில் வேலி போடுங்கள்.

பூ உதிர்ந்தால் முதலில் தண்ணீரின் எண்ணையும் வெயிலையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் பூ உதிர்வைத் தடுக்கும் பயிர் ஊக்கியான 4.5 சதவீத என்.ஏ.ஏ. திரவம் 1 மில்லியை நாலரை லிட்டரில் கலந்து பூத்திருக்கும்போது ஒருமுறை தெளிக்கலாம். கூட்டினால் கெடும். காற்றில்லாத மாடியில் காலை நேரம் செடியை லேசாக உலுக்கிவிட்டாலே மகரந்தம் சேரும்.

11. பறித்தல், வற்றல், அடுத்த ஆண்டு விதை

நட்டு 75 நாள் வாக்கில் பச்சைக்காய் கிடைக்கும். காம்போடு, மேல்நோக்கி ஒடித்துப் பறியுங்கள். பச்சையாகப் பறிக்கப் பறிக்க அடுத்த பூ வரும். வற்றலுக்கு என்றால் செடியிலேயே முழுதும் சிவக்கவிட வேண்டும். பறித்த பழத்தை உடனே வெயிலில் போடாமல் இரண்டு நாள் நிழலில் குவித்து வைத்தால் நிறம் ஒன்றுபோல் வரும். பிறகு தார்ப்பாயில் பரப்பி வெயிலில் காயவையுங்கள். மார்கழி, தையில் கடற்கரைப் பனி கடுமை. மாலை 4 மணிக்கே குவித்து மூடிவிடுங்கள். ஓர் இரவுப் பனி பட்டாலும் வெள்ளைத் திட்டு விழுந்து, வற்றல் சோடையாகும். காம்பைத் திருகினால் மளுக்கென்று ஒடிய வேண்டும், குலுக்கினால் சலசலக்க வேண்டும். 4 கிலோ பழம் ஏறக்குறைய 1 கிலோ வற்றலாகும்.

விதைக்கு இரண்டாவது, மூன்றாவது பறிப்பில் வருகிற பழம்தான் நல்லது. உப்புக்கும் காற்றுக்கும் தாங்கி நன்றாகக் காய்த்த ஒரு செடியை முன்பே தேர்ந்தெடுத்து, மொட்டாக இருக்கும்போதே நாலைந்து பூவை மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் பையை எடுத்து நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பக்கத்தில் சம்பா மிளகாயோ வேறு ரகமோ இருந்தால் தேனீ கலந்துவிடும், அதனால்தான் இந்தப் பை. பழம் செடியிலேயே சுருங்கத் தொடங்கியதும் பறித்து, விதையை எடுத்து, இரண்டு வாரம் நிழலில் உலர்த்துங்கள். காகித உறையில் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் அடுப்புக்கரி ஒரு துண்டோடு இறுக மூடி, ரகம், செடி நின்ற இடம், ஊற்றிய தண்ணீரின் டி.டி.எஸ். எண், பறித்த மாதம் நாலையும் உறைமேல் எழுதுங்கள். ஆடி பிறந்ததும் அதிலிருந்து 10 விதையை ஈரத்துணியில் போட்டுப் பாருங்கள்.